பென்டிரைவுக்கு விடுப்பு தருமா லோக்கல்சென்ட்?

2020 ஜூன் 29 அன்று இந்திய அரசு 59 சீனச் செயலிகளைத் தடை செய்தபோது எல்லாப் பேச்சும் டிக்டாக்கைப் பற்றியே இருந்தது. அதே பட்டியலில் ஷேர்இட்டும் ஸெண்டரும் இருந்தன. படம், பாட்டு எதுவானாலும் போனுக்குப் போன் மாற்றப் பலரும் நம்பியிருந்தவை அவைதான். ஆப்பிளுக்கு ஏர்டிராப், ஆண்ட்ராய்டுக்கு குயிக் ஷேர் என்று மாற்று வழிகள் உண்டு. ஆனால் பெரும்பாலும் ஒன்றோடு ஒன்று ஒட்டுவதில்லை. விண்டோஸ் லேப்டாப், ஐபோன், லினக்ஸ் கணினி மூன்றும் ஒரே மேசையில் இருந்தால், தனக்குத்தானே வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொள்ள வேண்டும். அங்கே 2 ஜிபிக்கு மேல் ஃபைல் போகாது. பென்டிரைவைத் தேடினால், அது ஃபேட்32 முறையில் ஃபார்மேட் ஆகியிருக்கும்பட்சத்தில் 4 ஜிபி வீடியோவை ஏற்காது.

இந்த இடைவெளியில்தான் லோக்கல்சென்ட் வருகிறது. இலவசம், திறமூல மென்பொருள், விளம்பரம் கிடையாது, கணக்குத் தொடங்கச் சொல்லி நச்சரிப்பதும் கிடையாது. விண்டோஸ், மேக், லினக்ஸ், ஆண்ட்ராய்டு, ஐபோன் ஐந்திலும் ஓடும். இணையம் தேவையில்லை, எல்லாக் கருவிகளும் ஒரே ரவுட்டரில் இருந்தால் போதும். ரீசார்ஜ் தீர்ந்துபோன ரவுட்டரானாலும் சரி.

திறந்ததும் ஒவ்வொரு கருவிக்கும் தானாக ஒரு பழத்தின் அல்லது காய்கறியின் பெயரைச் சூட்டிவிடுகிறது. அலுவலகத்தில் யார் எந்தப் பழம், எந்தக் காய் என்று குழம்பாமல் இருக்க, முதல் வேலையாக அமைப்புகளில் போய்ப் பெயரை மாற்றிவிடுவது நல்லது. பிறகு 'அனுப்பு' பக்கத்தில் ஃபைலையோ முழு ஃபோல்டரையோ தேர்ந்தெடுத்து, கீழே தெரியும் கருவியைத் தொட்டால், எதிர்முனையில் அனுமதி கேட்கும். சரி என்றால் ஓடத் தொடங்கும். சொந்தக் கருவிகளுக்கிடையே அந்தக் கேள்வி வேண்டாம் என்றால் 'குயிக் சேவ்' வசதி இருக்கிறது. பொது வைஃபையில் அதை அணைத்துவைப்பதே புத்திசாலித்தனம்.

உள்ளே நடப்பது எளிமையானது. செயலி திறந்தவுடன் 'இங்கே இருக்கிறேன்' என்று நெட்வொர்க் முழுக்க ஒரு குரல் கொடுக்கிறது. கேட்ட கருவிகள் பதில் தருகின்றன. அதன்பின் ஃபைல் 53317 என்ற போர்ட் வழியே, மறையாக்கப்பட்ட இணைப்பில், நேராக அடுத்த கருவிக்குப் போகிறது. நடுவில் எந்த நிறுவனத்தின் சர்வரும் இல்லை.

சிக்கலும் அந்தக் குரலில்தான். விண்டோஸில் வீட்டு வைஃபை 'பப்ளிக்' என்று பதிவாகியிருந்தால் ஃபயர்வால் வாயைப் பொத்திவிடும். 'பிரைவேட்' ஆக்கினால் பெரும்பாலும் சரியாகிவிடும். விடுதிகளிலும் கல்லூரிகளிலும் ஒரு கருவி இன்னொன்றைப் பார்க்க முடியாதபடி ரவுட்டரிலேயே தடுத்திருப்பார்கள். அங்கே எந்த அமைப்பை மாற்றியும் பயனில்லை. போனின் ஹாட்ஸ்பாட்டைப் போட்டு இரண்டையும் அதில் இணைப்பதே வழி. தடுப்பு இல்லாமலும் பெயர் மட்டும் தெரியவில்லை என்றால் ஐபி முகவரியைக் கையால் தட்டி அனுப்பலாம்.

வேகம்? அது செயலியைவிட ரவுட்டரின் கையில்தான் அதிகம். கல்யாணப் படங்கள் 30 ஜிபி இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ஜிகாபிட் கேபிளில் நொடிக்குச் சுமார் 110 எம்பி போகும். கணக்குப்படி ஐந்து நிமிடத்துக்குள் முடியும். மலிவு ரவுட்டர்களின் 100 எம்பிபிஎஸ் துளையில் செருகினால் நொடிக்கு 11 எம்பிதான்; முக்கால் மணி நேரம் ஆகும். இரண்டு கருவிகளும் வைஃபையில் இருந்தால் ஒவ்வொரு துண்டும் ரவுட்டருக்கு ஒருமுறை, அங்கிருந்து மறுமுறை என இருமுறை காற்றில் பயணிக்கிறது. ஒன்றையாவது கேபிளில் செருகினால் வித்தியாசம் உடனே தெரியும்.

குறைகளும் உண்டு. பாதியில் இணைப்பு அறுந்தால், நின்ற இடத்திலிருந்து அந்த ஃபைல் தொடராது. ஐபோனில் செயலி திரையிலேயே திறந்திருக்க வேண்டும். வேறு செயலிக்குத் தாவினால் பரிமாற்றம் நின்றுபோகலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, இது அனுப்பும் கருவி மட்டுமே. ஒரே ஆல்பத்தை மூன்று பேர் மாறி மாறித் திருத்தும் ஸ்டுடியோவில் இதை நம்பினால், எது கடைசிப் பிரதி என்ற சண்டை நிச்சயம்.

அந்த வேலைக்கு விண்டோஸின் பழைய பகிர்வு ஃபோல்டர்தான் சரி. 1990களின் தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவின் ஆண்ட்ரூ டிரிட்ஜெல் தொடங்கிய சாம்பா மென்பொருளால் லினக்ஸ் கணினியும் அதில் சேர்ந்துகொள்ளும். ஒரு முன்னெச்சரிக்கை: 2017 மே மாதம் வானாக்ரை என்ற பணம் பறிக்கும் தீநிரல் பரவியது இந்தப் பகிர்வு முறையின் முதல் பதிப்பில் இருந்த ஓட்டை வழியாகத்தான். பழைய ஸ்கேனர் கேட்கிறதே என்று அந்தப் பதிப்பை மறுபடி இயக்கக் கூடாது. விண்டோஸ் 11இன் 24எச்2 புரோ பதிப்பு, கடவுச்சொல் இல்லாத பகிர்வை இயல்பாகவே மறுக்கிறது. தனிப் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் அமைக்க அரை மணி நேரம் ஒதுக்க வேண்டியிருக்கும்.

ஆக, போனிலிருந்து கணினிக்கு, நண்பரின் மேக்கிலிருந்து நம் விண்டோஸுக்கு என்று அவ்வப்போது அனுப்புபவர்கள் தயங்காமல் லோக்கல்சென்ட்டை நிறுவலாம். தினமும் ஒரே ஃபோல்டரில் பலர் வேலை செய்யும் அலுவலகங்கள் பகிர்வு ஃபோல்டரை ஒழுங்காக அமைத்துக்கொண்டு, வாடிக்கையாளரின் போனிலிருந்து படங்களை வாங்க மட்டும் இதை வைத்துக்கொள்ளலாம்.