கொளத்தூர்ப் பை

சென்னை கொளத்தூரில் வண்ணமீன் கடைக்காரர் பை கட்டுவதை நாளெல்லாம் பார்த்துக்கொண்டு நிற்கலாம். பாலித்தீன் பையில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர். மிச்சமெல்லாம் சிலிண்டரிலிருந்து ஆக்சிஜன். வாயை முறுக்கி, மடக்கி, ரப்பர் பேண்டைச் சுற்றும் விரல்களின் வேகம் கண்ணுக்குப் பிடிபடாது. கெட்டிக்காரர்கள் பையின் அடிமூலைகளையும் கட்டிவிடுவார்கள். குட்டி மீன் அந்த இடுக்கில் சிக்கி நசுங்காது.

வீட்டுக்கு வந்ததும் தொட்டி விளக்கை அணைத்து, பையைக் கால் மணி நேரம் மிதக்கவிட்டால் சூடு சமமாகிவிடும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தொட்டித் தண்ணீரைச் சேர்ப்பார்கள். நெடுந்தூரம் வந்த பைக்கு மட்டும் இந்த நிதானம் ஆகாது. திறந்ததும் கரியமில வாயு வெளியேறும், காரத்தன்மை ஏறும், அதுவரை அடங்கிக் கிடந்த அம்மோனியம் நச்சு அம்மோனியாவாகும். சட்டென்று மீனை மாற்றிவிடுவதே மேல். பைத் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றவே கூடாது.

வீட்டுக்குள்ளேயே தொட்டி மாற்றும்போது, வலையைவிட எனக்குப் பிடித்தது பழைய பிளாஸ்டிக் டப்பா. கெளுத்தி இனத்து மீனின் முள் வலைக்கண்ணில் மாட்டினால் எடுப்பதற்குள் அதற்கும் நமக்கும் உயிர் போய்விடும். டப்பாவில் தண்ணீரோடு அப்படியே தூக்கிவிடலாம். அன்றிரவு தொட்டிக்கு மூடி அவசியம். புது இடத்தில் சாதுவான கப்பி மீன்கூடத் துள்ளும்.