சுற்றும் வட்டமும் பருக்கும் தாரும்

‘தயவுசெய்து காத்திருக்கவும்.’ இணையப் பக்கம் திறக்கத் தாமதமாகும்போது திரையில் வருகிற வாசகம் இது. அதன் மேலே ஒரு வட்டம் சுற்றிக்கொண்டிருக்கும். இதை வெறும் அறிவிப்பு என்று ஒதுக்கிவிட முடியாது. எந்த அறிவிப்பும் ஒரு பிரதிதான். யார் யாரிடம் பேசுகிறார்கள், எதை மறைத்துக்கொண்டு பேசுகிறார்கள் என்று வாசித்துத்தான் ஆகவேண்டும்.

திண்டுக்கல்லில் ஆன்டெனாவைக் கொடைக்கானல் பக்கம் திருப்பிவைத்துத் தூர்தர்ஷன் பார்த்த தலைமுறை நாங்கள். படம் பாதியில் நின்றால் ஓர் அட்டை வரும்: ‘தடங்கலுக்கு வருந்துகிறோம்’. அதைக் கேலி பண்ணாத வீடு கிடையாது. இன்று அதன் இலக்கணத்தைப் பார்க்கிறேன். ‘வருந்துகிறோம்’ என்பது தன்மைப் பன்மை வினைமுற்று. ‘நாங்கள்’ என்ற எழுவாய் வெளியே தெரியாவிட்டாலும் உள்ளே நிற்கிறது. நடந்தது தடங்கல்தான் என்ற ஒப்புதலும் இருக்கிறது. இதே அட்டையின் இந்தி வாசகத்தில் வருத்தம் மட்டும்தான் இருந்தது, வருந்துகிற ஆள் இல்லை. தமிழ் அட்டை, தெரிந்தோ தெரியாமலோ, ஓர் ஆளை முன்னிறுத்தியது.

‘காத்திருக்கவும்’ அப்படியல்ல. ‘காத்திருங்கள்’ என்றாலாவது எதிரே ‘நீங்கள்’ இருக்கிறீர்கள். இதில் சொல்பவரும் இல்லை, கேட்பவரும் இல்லை, கடமை மட்டும் இருக்கிறது. ‘ஏற்றப்படுகிறது’ என்ற இன்னொரு வாசகம் செயப்பாட்டு வினை. யார் ஏற்றுகிறார்கள், எதை, எவ்வளவு? ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தையில் போய் நில்லுங்கள். அங்கேயும் ‘லோடு ஏறுது’ என்றுதான் சொல்வார்கள். ஆனால் ஏற்றுகிற தோள் தெரியும், மூட்டைக் கணக்கு தெரியும், லாரியில் மிச்சமிருக்கிற இடம் தெரியும். அதே ‘லோடு’ திரைக்கு வந்ததும் ஆளும் அளவும் கழன்றுவிடுகின்றன.

சில மாதங்களுக்கு முன் ஒரு சான்றிதழுக்காக நகரத்துக் கணினி மையம் ஒன்றில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் சின்னாளபட்டியிலிருந்து வந்த ஒரு வயதான பெண். நெசவுக்குத் தார் சுற்றுகிறவர்.

“என்ன தம்பி, ஏறிருச்சா?”

“சுத்திக்கிட்டே இருக்கு பாட்டி.”

“சுத்துறது எனக்கும் தெரியுது. எம்புட்டு சுத்தியிருக்குன்னுதானே தெரியல!”

இந்த வட்டத்தைப் பற்றி நான் கேட்டவற்றில் இதைவிடக் கூர்மையான விமர்சனம் இல்லை. ராட்டை சுற்றச் சுற்றத் தார் பருத்துக்கொண்டே வரும். எவ்வளவு முடிந்தது, எவ்வளவு மிச்சம் என்பதைக் கண்ணே சொல்லிவிடும். நூல் அறுந்தால் கை நின்றுவிடும். அங்கே சுழற்சியும் வேலையும் ஒன்றையொன்று விட்டுப் பிரியாதவை. திரையிலோ குறிப்பான் மட்டும் சுழல்கிறது. அதன் பின்னால் வேலை நடக்கிறதா என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

இது உருவகப் பேச்சல்ல, தொழில்நுட்பமே அப்படித்தான். பக்கம் முழுதாக வந்துசேரும் முன்பே, வந்த மட்டும் உலாவி காட்டத் தொடங்கிவிடும். ஆகவே வட்டத்தை முதலில் அனுப்பிவிட்டு, மீதி வந்ததும் அதை மறைக்க ஒரு கட்டளை எழுதிவைக்கிறார்கள். மறுமுனையில் சர்வர் படுத்துக்கிடந்தாலும் வட்டம் சுற்றும். மறைக்கிற கட்டளை ஓடாமல் போனால், பக்கம் வந்த பிறகும் சுற்றும்.

சரி, வட்டத்தையே எடுத்துவிடலாமா? கூடாது. ஒன்றுமே காட்டாவிட்டால் சனங்கள் பட்டனைத் திரும்பத் திரும்ப அமுக்குவார்கள். ஒரே விண்ணப்பம் இரண்டு தரம் போகும், பணமும் போகும். கணினி முன் மனிதப் பொறுமைக்கு யாக்கோப் நீல்சன் 1993இல் எல்லை சொன்னார்: ஒரு விநாடிவரை எண்ணவோட்டம் அறுபடாது, கவனத்தின் எல்லை பத்து விநாடி. அதைத் தாண்டினால் எவ்வளவு முடிந்திருக்கிறது என்று காட்டவேண்டும். முடிந்த வேலையை விழுக்காட்டில் காட்டும் பட்டை மக்களுக்குப் பிடித்திருக்கிறது என்று பிராட் மயர்ஸ் 1985லேயே ஆய்வு செய்து எழுதினார். பாட்டி கேட்ட ‘எம்புட்டு’ அதுதான். ஆனால் பட்டையும் பொய் சொல்லும். 99இல் ஏறி அங்கேயே உட்கார்ந்துகொள்கிற பட்டைகளை நாம் பார்க்காததா?

ஆகவே பிரச்சினை செய்தி வேண்டுமா வேண்டாமா என்பதல்ல. அந்தச் செய்தி நிஜ வேலையோடு கட்டப்பட்டிருக்கிறதா, வேலை நின்றுபோனால் நின்றுவிட்டது என்று சொல்லும் நேர்மை அதற்கு உண்டா என்பதுதான். ‘வரவில்லை, தவறு எங்களுடையது, நாளை வாருங்கள்’ என்று சொல்லிவிட்டால் மனுசர் எழுந்து போகலாம். முடிவில்லாமல் சுற்றுகிற வட்டம் அந்த உரிமையைப் பறிக்கிறது. இதோ வந்துவிடும் என்ற நினைப்பிலேயே நம்மை உட்காரவைக்கிறது. காத்திருப்பதைத் தவிர வேறெதுவும் செய்ய முடியாத தன்னிலையாக நம்மைக் கட்டமைக்கிறது. அதிகாரம் வாசலில் காக்கவைப்பது நம் ஊருக்குப் புதிதல்ல. வாசலில் நின்ற காலத்தில் கதவு மூடியிருப்பதாவது தெரிந்தது.

அன்று மதியம் வரை வட்டம் நிற்கவில்லை. பாட்டி பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். “இந்நேரத்துக்குப் பாதி நாள் கூலிக்குத் தார் சுத்தியிருப்பேன்.” யாரும் அவரிடம் வருந்தவில்லை. வருந்துவதற்கு அந்த வாசகத்துக்குள் ஆள் இல்லை.