முகத்துக்குச் சொந்தக்காரர் யார்?

கணபதியில் எங்கள் வீட்டுப் பரணில் ஒரு பழைய பிஸ்கட் டின் இருக்கிறது. அதற்குள் நூறு கிரிக்கெட் அட்டைகளுக்குக் குறையாது. நான் பையனாக இருந்தபோது பபிள்கம்மோடு கிடைத்தவை. கம்மை மென்று துப்பிவிட்டு அட்டையைப் பத்திரப்படுத்துவோம். சத்தி ரோட்டுப் பட்டறைகள் விடுகிற நேரத்தில் சந்து முனையில் கூடி, ஒன்றுக்கு இரண்டு, இரண்டுக்கு மூன்று என்று பேரம் பேசி மாற்றிக்கொள்வோம்.

என் அடுத்த நாவலில் அப்படி ஓர் அட்டைக்காக இரண்டு சிநேகிதர்கள் ஜென்மப் பகையாளிகளாகிறார்கள். கைப்பிரதியைப் படித்துவிட்டுப் பதிப்பாளர் நண்பர் வந்திருந்தார். டின்னைத் திறந்து காட்டியதுதான் தாமதம், கபில்தேவ் படம் போட்ட அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"ஏனுங், இதையே புஸ்தகத்துக்கு அட்டைப்படமாப் போட்டுரலாமுங்க. வேற ஓவியமே வேண்டாமுங்க."

"இது யார் எடுத்த படமோ தெரியாதுங்களே?"

"முப்பது வருசத்துப் படமுங்க. இனி யாருங்க வந்து கேக்கப்போறாங்க?"

அந்த வார்த்தை எனக்குச் சுருக்கென்றது. சில வருஷங்களுக்கு முன்பு என் சிறுகதை ஒன்றை ஒரு தொகுப்பில் என்னைக் கேட்காமலே சேர்த்துவிட்டார்கள். கடிதம் எழுதிக் கேட்டேன். "பழைய கதைதானே" என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. இன்று அதே காரியத்தை, அதே சமாதானத்தைச் சொல்லி, இன்னொருவருக்கு நான் செய்யலாமா?

ஆகவே அந்த அட்டையை, மதிப்புரைக்கு வந்த புத்தகத்தைப் போல எதிரில் வைத்துக்கொண்டு பார்த்தேன். அச்சு மட்டம். சிவப்பு மை விலகி விழுந்ததில் கபிலுக்கு நாலு உதடுகள். ஆனால் பந்து வீசத் துள்ளி எழும் அந்தக் கணத்தைப் பிடித்த கண் நல்ல கண். அச்சடித்தவர் கெடுத்தும் கெடாத படம். அப்படிப்பட்ட கண்ணுக்குரியவரின் பெயர் அட்டையில் எங்குமே இல்லை!

இந்தச் சின்ன அட்டைக்குள் மூன்று பாத்தியதைகள் கலந்து கிடக்கின்றன. முதலாவது, புகைப்படம். நமது 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் முன்பு புகைப்படத்துக்கு, அது வெளியானதிலிருந்து 60 ஆண்டுப் பாதுகாப்புத் தந்தது. 2012இல் சட்டத்தைத் திருத்தி, எடுத்தவரின் ஆயுளும் அதற்குப்பின் 60 ஆண்டும் என்று நீட்டிவிட்டார்கள். முப்பது வருஷம் எம்மாத்திரம்? பையனாக நான் காசு கொடுத்து வாங்கியது காகிதத்தைத்தான். அதை விற்கலாம், கொடுக்கலாம், கிழித்தும் போடலாம். படத்தை மறுபடி அச்சடிக்கிற உரிமை அந்தக் காசில் அடங்காது.

இரண்டாவது, முகம். இதைப் பற்றிய சண்டையே பபிள்கம்மில்தான் பிறந்தது என்றால் வாசகர்கள் சிரிப்பார்கள். அமெரிக்காவில் பேஸ்பால் ஆட்டக்காரர்களின் படத்தைக் கம்மோடு கொடுத்து விற்ற இரண்டு கம்பெனிகள், ஹேலன், டாப்ஸ் என்பவை, அந்தப் படங்களுக்காகக் கோர்ட்டுக்குப் போயின. 1953இல் நீதிபதி ஜெரோம் ஃபிராங்க், தன் படத்துக்கு உள்ள விளம்பர மதிப்பில் ஒருவனுக்குத் தனி உரிமை உண்டு என்று தீர்ப்பெழுதினார். பிரபலஸ்தர்களின் 'விளம்பர உரிமை' அன்றுதான் பெயர் பெற்றது.

மூன்றாவது, அவர் எடுத்த ஓட்டமும் விக்கெட்டும். இது ஊரறிந்த செய்தி; ஒருவருக்கும் தனிச் சொத்தல்ல. டில்லி உயர் நீதிமன்றம் 2023 ஏப்ரலில் இதைத்தான் முக்கியமாக எடுத்துக்கொண்டது. அட்டை காகிதத்தை விட்டுக் கைப்பேசித் திரைக்கு ஏறிவிட்ட காலம் அது. ஆட்டக்காரர்களோடு ஒப்பந்தம் செய்து திரை அட்டை விற்ற 'ராரியோ'வும், முகமது சிராஜ், அர்ஷ்தீப் சிங் முதலிய ஆட்டக்காரர்களும் சேர்ந்து, ஒப்பந்தமில்லாமல் அட்டை விற்ற 'ஸ்டிரைக்கர்' மீது வழக்குப் போட்டார்கள். ஸ்டிரைக்கர் அட்டையில் புகைப்படம் இல்லை. பெயரும், ஆட்ட விவரமும், சாயல் தெரியும் ஒரு சித்திரமும்தான். நீதிபதி அமித் பன்சல் இடைக்காலத் தடை தர மறுத்தார். பொது வெளியில் கிடக்கும் விவரத்துக்கு யாரும் ஏகபோகம் கொண்டாட முடியாது. நையாண்டி, கலை, செய்தி, ஆராய்ச்சி ஆகியவற்றுக்குப் பிரபலஸ்தரின் பெயரையும் உருவத்தையும் பயன்படுத்துவது பேச்சுரிமையில் அடங்கும் என்றார்.

இந்த முடிவு எனக்கு உவப்பானது. 2015இல் சென்னை உயர் நீதிமன்றம், ரஜினிகாந்த் தொடர்ந்த வழக்கில், அவர் பெயரையும் பாணியையும் பயன்படுத்திய ஓர் இந்திப் படத்துக்குத் தடை விதித்தது. அவருடைய சங்கடம் புரியாமலில்லை. ஆனால் ஒருவரின் நடையும் பேச்சும்கூட வேலி போட்ட தோட்டமாகிவிட்டால், கதை எழுதுகிறவனும் கார்ட்டூன் போடுகிறவனும் எங்கே போய் மேய்வது?

இருந்தும் டில்லித் தீர்ப்பில் எனக்கு ஒரு குறை. சித்திரம் என்பதாலேயே எதுவும் கலையாகிவிடாது. அமெரிக்காவில் 'கார்ட்டூன்ஸ்' என்ற கம்பெனி பேஸ்பால் ஆட்டக்காரர்களைக் கேலி செய்து அட்டை போட்டது. அவர்களுடைய கொழுத்த சம்பளத்தையும் மிடுக்கையும் நையாண்டி செய்தது. 1996இல் அங்கே கோர்ட்டு அதற்கு ஆதரவாகத் தீர்ப்பளித்தது. நியாயம்தான், அங்கே விற்ற சரக்கே கேலி. மனிதரைப் பற்றி ஒன்றுமே சொல்லாமல், அடையாளம் தெரிந்தால் போதும் என்று வரைந்த முகத்தை அதே தட்டில் நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. ஓட்டக் கணக்கு ஊருக்குப் பொது என்கிற வாதம் ஒன்றே அந்தத் தீர்ப்புக்குப் போதுமே! கலைக்கு உள்ள சலுகையை அத்தனை மலிவாகக் கொடுத்திருக்க வேண்டாம்.

நமது சட்டத்தின் 52ஆம் பிரிவு, சொந்த உபயோகம், விமரிசனம், நடப்புச் செய்தி ஆகியவற்றுக்குப் பிறர் படைப்பை நியாயமான அளவில் எடுத்தாள அனுமதிக்கிறது. அந்த அச்சையும் அந்தக் கண்ணையும் பற்றிப் பேசும் இந்தக் கட்டுரையோடு கபில் அட்டையைச் சிறிதாக அச்சிட்டால் நான் விமரிசகன். அதையே நாவலின் முகப்பில் போட்டால் நான் வியாபாரி. அட்டை ஒன்றுதான், அதை எடுத்து வைத்துக்கொண்டு நான் செய்கிற காரியம் வேறு.

நண்பருக்கு இதையெல்லாம் சொன்னேன். "ஓவியருக்கு வேற காசு குடுக்கோணுமுங்க" என்று முனகினார். கொடுத்தார். இப்போது அட்டைப்படத்தில் ஒரு பையனின் மூடிய கை மட்டும் இருக்கிறது. விரலிடுக்கில் ஏதோ அட்டையின் ஓரம் தெரிகிறது. உள்ளே யார் என்பது வாசகரின் இஷ்டம். ஓவியரின் பெயரை இரண்டாம் பக்கத்தில் கொட்டை எழுத்தில் போடச் சொல்லியிருக்கிறேன்.