தண்ணீர் கேட்டவர்

யோவான் நற்செய்தியின் நாலாம் அதிகாரத்தை யாழ்ப்பாணத்தவர் ஒருவர் வாசித்தால் முதலில் கண்ணில் படுவது கிணறுதான். வழுக்கியாற்றை விட்டால் ஆறென்று சொல்ல ஒன்றுமில்லாத குடாநாடு இது. அந்த வழுக்கியாறும் மாரியில் மட்டுமே ஓடும். சுண்ணக்கல்லின் அடியில் ஊறும் தண்ணீரை நம்பித்தான் தோட்டமும் வீடும். ஆகவே சிக்கார் ஊர்க் கிணற்றடியில் நடந்த பேச்சு நமக்கு வேற்றூர்ப் பேச்சாகத் தோன்றுவதில்லை.

மத்தியான நேரம். நடந்து களைத்த இயேசு கிணற்றருகே இருக்கிறார். சீடர்கள் சாப்பாடு வாங்க ஊருக்குள் போய்விட்டார்கள். குடத்தோடு வந்த சமாரியப் பெண்ணிடம் குடிக்கத் தண்ணீர் கேட்கிறார். கானாவூர்க் கலியாண வீட்டில் தண்ணீரைத் திராட்சை இரசமாக்கியவர் என்று இரண்டு அதிகாரத்துக்கு முன்புதான் யோவான் சொன்னார். அப்படிப்பட்டவரிடம் இப்போது ஒரு வாளி இல்லை. கிணறோ ஆழம், அள்ளுவதற்கு இவரிடம் ஒன்றும் இல்லை என்பதை அந்தப் பெண்தான் எடுத்துச் சொல்கிறாள். தினமும் தண்ணீர் அள்ளுகிறவள் கண்ணுக்கு அதுதானே முதலில் தெரியும்! வாக்கு மனுவுருவானது என்ற பெரிய செய்தியை முதல் அதிகாரத்திலேயே யோவான் எழுதிவிட்டார். அதற்குச் சாட்சி, நாலாம் அதிகாரத்தில் இல்லாத அந்த வாளி.

யூதர் சமாரியரோடு ஏனம் புழங்குவதில்லை. இதற்கு நமக்கு உரையாசிரியர் தேவையில்லை. எந்தக் கிணற்றில் யார் அள்ளலாம், யார் கை ஏந்தி நிற்க வேண்டும் என்று சாதி பார்த்து வகுத்த மண் இது. தேநீர்க்கடையில் ஒரு சாராருக்கு வேறு ஏனம் வைத்திருந்த மண். கே. டானியல் தம் நாவல் ஒன்றுக்குத் ‘தண்ணீர்’ என்றே பெயர் வைத்தார். டொமினிக் ஜீவாவின் சிறுகதைத் தொகுதிக்குப் பெயர் ‘தண்ணீரும் கண்ணீரும்’. இந்த ஊர்க் கண்ணால் பார்க்கும்போதுதான் சிக்கார் காட்சியின் நயம் முழுதாகப் பிடிபடுகிறது. ஒதுக்கப்பட்டவளுக்கு அவர் தண்ணீர் வார்க்கவில்லை. அவளிடம் தண்ணீர் கேட்டார். கொடுப்பதை மேலே நின்றுகொண்டும் செய்யலாம். கேட்கிறவர் கொஞ்சம் கீழே இறங்கித்தான் ஆக வேண்டும். இங்கே கை ஏந்துவது அவர்.

அவர் குடித்தாரா? யோவான் சொல்லவே இல்லை. பேச்சு எங்கெங்கோ போய், கடைசியில் அந்தப் பெண் குடத்தையும் போட்டுவிட்டு ஊருக்குள் ஓடுகிறாள். பதினைந்து அதிகாரம் தாண்டிச் சிலுவையில் மறுபடியும் தாகம். தாகமாயிருக்கிறது என்று இயேசு வாய்விட்டுச் சொன்னதை நற்செய்தியாளர் நால்வரில் யோவான் மட்டுமே பதிந்திருக்கிறார். பிலாத்து அவரைக் கையளித்ததும் ஏறக்குறைய நண்பகலில் என்று நேரத்தையும் குறிக்கிறார். அன்றைக்குக் கிடைத்தது கடற்பஞ்சில் தோய்த்த புளித்த இரசம்.

கிணற்றடியை விட்டு ஏரிக்கரைக்கு வந்தால் அங்கேயும் அவர் கேட்டபடியேதான் நிற்கிறார். இரவு முழுவதும் ஒன்றும் படாமல், விடியலில் வலை அலசிக்கொண்டிருந்த சீமோன் பேதுருவிடம் வள்ளத்தைக் கரையிலிருந்து கொஞ்சம் தள்ளச் சொல்கிறார். வெறுங்கையோடு கரைக்கு வந்தவனிடம் உதவி கேட்பது எவ்வளவு சங்கடம் என்று குருநகரிலும் பாஷையூரிலும் கேட்டுப் பார்த்தால் தெரியும். உயிர்த்தெழுந்த பிறகும் இந்தப் பழக்கம் விடவில்லை. திபேரியாக் கரையில் விடிகாலையில் நின்று, சாப்பிட ஏதும் இருக்கிறதா என்று வள்ளத்திலிருந்தவர்களைக் கேட்கிறார். இல்லை என்கிறார்கள். வலப்பக்கம் வலை வீசச் சொல்கிறார். 153 பெரிய மீன்கள். கரையில் கரிநெருப்பு மூட்டி, அதன்மேல் மீன் ஏற்கனவே வெந்துகொண்டிருக்கிறது. அப்படியிருந்தும் அவர்கள் பிடித்ததிலும் கொஞ்சம் கொண்டுவரச் சொல்கிறார். அந்தக் காலைச் சாப்பாட்டில் அவர்களுடைய பாடும் சேர வேண்டும் என்ற அந்த எண்ணம் இருக்கிறதே, அதுதான் எனக்கு அந்த 153 மீனையும்விடப் பெரிதாகத் தெரிகிறது.

கெத்சமனித் தோட்டத்தில் கேட்டது பொருள் எதுவும் இல்லை. தன்னோடு விழித்திருக்கும்படி மூவரைக் கேட்டார்: பேதுரு, யாக்கோபு, யோவான். மூவரும் கடற்தொழிலாளர், விடிய விடியக் கண்விழிப்பதே அவர்களுடைய பிழைப்பு. வலைக்காக இராமுழுதும் விழித்தவர்களால் சிநேகிதனுக்காக ஒரு மணி நேரம் விழித்திருக்க முடியவில்லை. மூன்று முறை வந்து பார்க்கிறார்; மூன்று முறையும் தூக்கம். துயரம் தாங்காமல் தூங்கிப்போனார்கள் என்று லூக்கா இரக்கத்தோடு எழுதுகிறார். உள்ளம் ஊக்கமுள்ளது, உடல்தான் வலுவற்றது என்று அவர்களுக்காகச் சமாதானம் சொல்பவரும், அந்த நேரத்தில் வியர்த்துக்கொண்டிருந்த இயேசுவேதான்.

அந்த வேண்டுகோளைக் காதில் போட்டுக்கொண்டவர்கள் யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கர். கோவாவில் பிறந்து 1705இல் இலங்கைக்கு வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் எழுதிய வியாகுலப் பிரசங்கம் இங்கே தபசு காலத்தில் இராகமிழுத்து வாசிக்கப்பட்டு வருவது. அவர் வந்தது ஒல்லாந்தர் கத்தோலிக்க வழிபாட்டைத் தடைசெய்திருந்த காலத்தில். குருமார் ஒளிந்து நடமாடினார்கள். சனங்கள் இரவில் கூடினார்கள். பாடுகளின் கதையைத் தமிழ்ப் பெண் பிணத்தருகே அழும் ஒப்பாரிக் குரலில் கேட்டபோது, அந்தத் துக்கம் பலஸ்தீனத்துத் துக்கமாக இருக்கவில்லை. சொந்த வீட்டுச் சாவாகிவிட்டது. இன்றைக்கும் பெரிய வியாழன் இரவில் கோயிலில் முழந்தாளில் இருப்பவர்கள், அந்த மூவர் தூங்கிவிட்ட மணி நேரத்தைத்தான் ஈடுசெய்கிறார்கள்.

கேட்டு வரும் கடவுள் தமிழ்ச் செவிக்குப் புதிதும் அல்ல. வந்திக் கிழவியிடம் உதிர்ந்த பிட்டுக்காகக் கூலியாளாய் வந்த சொக்கநாதரை அறிந்த மண்தானே இது. அங்கே பசி ஆண்டவனின் திருவிளையாடல். இங்கே பசியும் தாகமும் உடம்பினுடையவை. இரண்டிலும் கடவுளைக் கிட்ட வரவைத்தது அவர் கொடுத்தது அல்ல, கேட்டது.

கேட்டவற்றைத்தான் எண்ணிப் பாருங்களேன்: ஒரு வாய் தண்ணீர், ஒரு வள்ளம், ஒரு மணி நேரம், கொஞ்சம் மீன். தண்ணீர் அள்ள வந்தவளிடம் தண்ணீர். வள்ளக்காரனிடம் வள்ளம். இரவில் விழித்துப் பழகியவர்களிடம் விழிப்பு. இல்லாத ஒன்றை யாரிடமும் அவர் கேட்கவில்லை. மீன் மட்டும்தான் அந்த விடியலில் அவர்களிடம் இருக்கவில்லை. அதையும் வலைக்குள் போட்டுவிட்டுத்தான் கொண்டுவரச் சொன்னார்.