நூலை விட்டு வீட்டுக்குள் நுழையும் விமரிசனம்: வாசிப்புச் செல்வாக்காளர் மீதான வம்புப் பேச்சு பற்றிய திறனாய்வு

நூல்களைப் பரிந்துரைத்துப் பெயர் பெற்ற ஒரு பெண்ணின் வாசிப்பையும் வருவாயையும் இல்லறத்தையும் பிள்ளை வளர்ப்பையும் பற்றி, அவரை நேரில் அறியாத பலர் கூடிக் குறைகண்டு பேசும் வழக்கம் ஆங்கில வாசக உலகில், குறிப்பாக அமெரிக்காவில், வேரூன்றியுள்ளது. இவ்வழக்கத்தை இக்கட்டுரை ‘விமரிசன வம்பு’ என்று குறிக்கிறது. பேசப்படுபவர் இல்லாத இடத்தில் அவருடைய வாழ்வைப் பற்றிப் பேசுவது வம்பு; அப்பேச்சு செய்திப் பரிமாற்றத்தோடு நின்றுவிடாமல், அவருடைய சொல்லுக்கும் செயலுக்கும் இடையிலான முரணைச் சான்று காட்டி மதிப்பிட முனையும்போது விமரிசனத்தின் இயல்பையும் பெறுகிறது. இதனைப் பொறாமை என்று ஒதுக்குவோரும், நுகர்வோர் விழிப்புணர்வு என்று போற்றுவோரும் பாதி உண்மையையே சொல்கின்றனர். நூல் திறனாய்வு கைவிட்ட ஒரு காவற்பணியை இவ்வம்பு ஏற்றுக்கொண்டிருக்கிறது. அப்பணியைச் செய்யும்போதே தான் கண்டிக்கும் தவற்றை, அதாவது ஒரு குடும்பத்தைக் காட்சிப்பொருளாக்கும் தவற்றை, தானும் செய்கிறது. இவ்விரண்டையும் ஒருசேரக் காண்பதே நேர்மையான மதிப்பீடாகும்.

செல்வாக்காளர் விற்கும் நம்பிக்கை

செல்வாக்காளர், அதாவது இன்ஃப்ளூயன்சர், தம் அன்றாட வாழ்வைத் தொடர்ந்து காட்டிப் பெற்ற நம்பிக்கையைக் கொண்டு பிறருடைய தேர்வுகளை வழிநடத்துபவர். நூல்துறையில் இவர்களது வலிமை சிறிதன்று. 2016-இல் வெளிவந்த காலீன் ஹூவரின் ‘இட் எண்ட்ஸ் வித் அஸ்’, 2011-இல் வெளிவந்த மேடலின் மில்லரின் ‘தி சாங் ஆஃப் அக்கிலீஸ்’ ஆகிய நாவல்கள், பெருந்தொற்றுக் காலத்தில் டிக்டாக்கில் உருவான ‘புக்டாக்’ என்னும் வாசகர் வட்டத்தால் பல ஆண்டுகளுக்குப் பிறகு மீண்டும் விற்பனைப் பட்டியல்களில் ஏறின. இதழில் மதிப்புரை எழுதும் திறனாய்வாளர் தம் வாதத்தின் வலிமையால் நம்பப்படுகிறார். செல்வாக்காளரோ தம் வாழ்க்கையின் தோற்றத்தால் நம்பப்படுகிறார். ஆகவே அவருடைய அலமாரியும் சமையலறையும் படுக்கைநேரக் கதைவாசிப்பும் அவர் முன்வைக்கும் சான்றுகளாகவே மாறிவிடுகின்றன.

இதன் முழு வடிவத்தை, பிள்ளைகளுக்கு வீட்டிலேயே கற்பிக்கும் அமெரிக்க வாசகத் தாய்மாரிடம் காணலாம். அந்நாட்டில் 1993-க்குள் ஐம்பது மாநிலங்களிலும் வீட்டுக்கல்வி சட்டப்படி ஏற்கப்பட்டுவிட்டது. டெக்சாஸ், ஐடஹோ போன்ற மாநிலங்களில் அதற்காகப் பெற்றோர் அரசுக்கு அறிவிப்புக் கொடுக்க வேண்டியதுகூட இல்லை. பாடநூல்களை விட நல்ல இலக்கியமே குழந்தையை வளர்க்கும் என்ற பிரித்தானியக் கல்வியாளர் சார்லட் மேசனின் (1842–1923) கொள்கை இவர்களிடையே பெருமதிப்புப் பெற்றது. இத்தகைய தாய் ஒருவர் நூற்பட்டியலைத் தரும்போது, இந்நூல்களைப் படித்தால் இத்தகைய பிள்ளைகள் வளர்வார்கள் என்ற உறுதிமொழியையும் சொல்லாமலே தருகிறார். பிள்ளைகளே அவ்வுறுதிமொழிக்குச் சாட்சிகளாக நிறுத்தப்படுகின்றனர். குடும்பம் விமரிசனத்துக்குள் இழுக்கப்படுவதற்கு முன்பே விளம்பரத்துக்குள் கொண்டுவரப்பட்டுவிட்டது என்பதை மறந்துவிட்டு வம்பை மட்டும் குற்றம் சாட்டுவது முறையாகாது.

பார்வையாளர் கொள்ளும் உரிமையுணர்வுக்கும் ஒரு விளக்கம் உண்டு. டொனால்டு ஹார்ட்டன், ரிச்சர்டு வோல் என்னும் ஆய்வாளர்கள் 1956-இல், வானொலி, தொலைக்காட்சித் தோற்றங்களோடு பார்வையாளர் கொள்ளும் ஒருவழி நெருக்கத்தை ஆராய்ந்தனர். பார்ப்பவருக்கு அது நட்பாகத் தோன்றும். பார்க்கப்படுபவரோ அவரை அறியமாட்டார். அந்நெருக்கத்தில் நம்பிக்கை உடையும்போது ஏற்படும் ஏமாற்றம், விலைக்கு வாங்கிய பொருள் பழுதானதால் வரும் ஏமாற்றத்தை விடக் கசப்பானது. விமரிசன வம்பில் ஈடுபடுவோர் பலர் ஒருகாலத்தில் அன்போடு பின்தொடர்ந்தவர்களாக இருப்பதன் காரணம் இதுவே.

வம்பின் சமூகப் பணி

வம்பைத் தனிமனிதக் குறையாக மட்டும் காணாமல் சமூகச் செயலாகக் காணும் மரபு பழமையானது. சங்க அகப்பாடல்களில் தலைவன் தலைவியின் களவுக் காதல் ஊராரின் வாயில் அலராக எழுகிறது. அலர் தலைவிக்குத் துன்பம் தருகிறது, ஆயினும் தலைவனைத் திருமணத்துக்கு விரைந்து வரச் செய்வதும் அதுவே. மானிடவியலாளர் மேக்ஸ் கிளக்மன் 1963-இல், வம்பு ஒரு குழுவின் ஒற்றுமையையும் ஒழுக்க நெறிகளையும் காக்கும் கருவி என்று வாதிட்டார். 1967-இல் அதை மறுத்த மற்றொரு மானிடவியலாளர் ராபர்ட் பெய்ன், வம்பு பேசுபவர் குழுவின் நலனைக் காட்டிலும் தம் நலனையே வளர்த்துக்கொள்கிறார் என்றார். இவ்விரு கருத்துகளும் விமரிசன வம்பில் ஒரே நேரத்தில் உண்மையாகின்றன. இலக்கியத் திறனாய்வாளர் பெட்ரிஷியா மேயர் ஸ்பாக்ஸ் 1985-இல் வெளியிட்ட ‘காசிப்’ என்னும் நூலில் வம்புக்கும் நாவலுக்கும் உள்ள உறவை ஆராய்ந்தார். சிறு செய்கையிலிருந்து குணத்தை உய்த்துணர்தல், சொல்லப்படாததைக் கவனித்தல், முரணைப் பிடித்தல் ஆகிய நாவல் வாசகரின் திறன்கள் வம்பு பேசுபவருக்கும் உரியவை. நூலன்பர்களின் வட்டத்தில் இவ்வழக்கம் கூர்மையாக இருப்பதில் வியப்பில்லை.

வழக்கத்தின் வலிமைகள்

இவ்வழக்கத்தின் முதல் வலிமை, பரிந்துரைக்குப் பின்னாலுள்ள பணத்தைக் கேள்விக்கு உட்படுத்துவது. செல்வாக்காளர் தரும் இணைப்பின் வழியே நூல் வாங்கப்பட்டால் விற்பனையில் ஒரு பங்கு அவருக்குச் சேர்வது இணைப்புத் தரகு எனப்படும். 2020-இல் தொடங்கப்பட்ட புக்‌ஷாப் டாட் ஆர்க் என்னும் இணைய நூற்கடை அத்தகைய விற்பனையில் 10 விழுக்காட்டை வழங்குகிறது. தரகு பெறுவது குற்றமன்று. அதை மறைப்பதே குற்றம். அமெரிக்கக் கூட்டரசு வணிக ஆணையம் 2009-இல் தன் நெறிமுறைகளைத் திருத்தி, பணமோ இலவசப் பொருளோ பெற்றுப் பரிந்துரைப்போர் அத்தொடர்பை வெளிப்படுத்த வேண்டும் என்று தெளிவுபடுத்தியது. ஆயினும் எண்ணிறந்த பரிந்துரைகளை ஓர் அரசு ஆணையம் நாள்தோறும் கண்காணித்தல் இயலாது. சென்ற ஆண்டு வாழ்க்கையையே மாற்றியதாகப் புகழப்பட்ட நூல் இவ்வாண்டு நினைவிலேயே இல்லை என்பதையும், படித்ததாகச் சொல்லப்பட்ட நூலின் கதை தவறாகச் சொல்லப்பட்டது என்பதையும் நினைவில் வைத்திருப்பவர்கள் அக்கறையோடு பின்தொடரும் வாசகர்களே.

இக்கண்காணிப்பு சான்றோடு இயங்கும்போது நீதியையும் தரவல்லது. 2023 டிசம்பரில், முதல் நாவல் வெளியாகவிருந்த ஓர் அமெரிக்க எழுத்தாளர் வாசகர்கள் நூல்களை மதிப்பிடும் குட்ரீட்ஸ் தளத்தில் போலிக் கணக்குகளைத் தொடங்கி, தம்மைப் போன்ற புதிய எழுத்தாளர்களின் நூல்களுக்கு மிகக் குறைந்த மதிப்பீடுகளை இட்டது வெளிப்பட்டது. வாசகர்களும் சக எழுத்தாளர்களும் தொகுத்த சான்றுகள் மறுக்க முடியாதவையாக இருந்ததால் அவர் தவற்றை ஒப்புக்கொண்டார். பதிப்பகம் நாவலைக் கைவிட்டது. அங்கே பேசப்பட்டது எவருடைய இல்லறமும் அன்று. யாரும் சரிபார்க்கக்கூடிய ஒரு பொதுச்செயலே பேசப்பட்டது.

இரண்டாம் வலிமை, பேச வாய்ப்பற்ற பிள்ளைகளுக்காகக் கேள்வி எழுப்புவது. நூல் உலகுக்கு வெளியே, யூட்டா மாநிலத்தில் குடும்பக் காணொளிகளால் புகழ்பெற்ற ரூபி ஃபிராங்கியின் வழக்கு இதற்குச் சான்று. பதின்வயது மகன் தண்டனையாகப் பல மாதங்கள் படுக்கையின்றி உறங்க நேர்ந்த செய்தி 2020-இல் வெளிவந்தபோது பார்வையாளர்கள் கொதித்தெழுந்து, குழந்தைகள் நல அதிகாரிகளின் தலையீட்டை வேண்டினர். அப்போது அவர்களை வம்பர்கள் என்று இகழ்வது எளிதாக இருந்தது. 2023 ஆகஸ்டில் அவருடைய மற்றொரு மகன் அடைக்கப்பட்டிருந்த வீட்டிலிருந்து தப்பி, அண்டை வீட்டில் உணவும் நீரும் கேட்டபோது உண்மை வெளிப்பட்டது. 2024 பிப்ரவரியில் தாய்க்குச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. பார்வையாளரின் ஐயம் வீண் ஐயமாக இருக்கவில்லை. ஆயினும் அப்பேச்சால் அச்சிறுவனைக் காக்க இயலவில்லை என்பதும், அவன் தானே தப்ப வேண்டியிருந்தது என்பதும் அதே வழக்கின் மறுபக்கம். எச்சரிக்கும் ஆற்றல் வம்புக்கு உண்டு. காக்கும் ஆற்றல் சட்டத்துக்கும் நிறுவனத்துக்குமே உண்டு.

அத்தகைய சட்டங்கள் தோன்றத் தொடங்கியுள்ளன. பதினாறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் உருவத்தை இணையத்தில் வணிகமாக்குவதை ஒழுங்குபடுத்தும் சட்டத்தைப் பிரான்சு 2020-இல் இயற்றியது. பிள்ளை தன் பதிவுகளை நீக்கக் கோரும் உரிமையும் அதில் அடங்கும். பெற்றோரின் காணொளிகளில் தோன்றும் பிள்ளைக்கு வருவாயில் பங்கு ஒதுக்க வேண்டும் என்னும் சட்டம் இல்லினாய் மாநிலத்தில் 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது.

வழக்கத்தின் குறைகள்

முதற்குறை, சான்றுக்கும் முடிவுக்கும் உள்ள தொலைவைக் கடந்துவிடும் அவசரம். செல்வாக்காளர் காட்டுவது அவரே தேர்ந்தெடுத்த துணுக்குகள். அவற்றை முழு வாழ்வு என்று நம்புவது பேதைமை என்பதை வம்பு பேசுவோரே முதலில் சொல்வர். ஆயினும் அதே துணுக்குகளில் ஒன்றில் கணவரின் முகம் வாடியிருந்தால் மணமுறிவையும், பிள்ளை எழுத்துப்பிழை செய்திருந்தால் கல்விப் புறக்கணிப்பையும், தாய் மெலிந்திருந்தால் நோயையும் அவர்களே முடிவாக்கிவிடுகின்றனர். நாவலில் ஆசிரியர் வைத்த ஒவ்வொரு குறிப்பும் ஒரு பொருளுக்காக வைக்கப்பட்டது. வாழ்வின் குறிப்புகள் பலவும் எப்பொருளையும் சுட்டாதவை. கதைமாந்தரைப் படிக்கும் முறையை உயிருள்ள மனிதர் மீது பொருத்தும்போது வாசகரின் திறனே அவரைத் தவறான முடிவுக்கு இட்டுச் செல்கிறது. அம்முடிவு பொய்யென்று பின்னர் தெரிந்தாலும் திருத்தம் வெளியிடும் கடமை அங்கே எவருக்கும் இல்லை.

இரண்டாங்குறை எல்லாவற்றினும் கொடியது. பிள்ளைகளைத் தாய் காட்சிப்படுத்துகிறார் என்று வருந்துவோர், அப்பிள்ளைகளின் உடலையும் அறிவையும் எதிர்காலத்தையும் அலசும்போது அக்காட்சியை நீட்டிக்கின்றனர். தாய் நீக்கிவிட்ட படத்தைச் சான்றென்று சேமித்து வைப்பவர், பிள்ளை வளர்ந்தபின் மறக்க விரும்பக்கூடியதை மறக்க முடியாததாக்குகிறார். அமெரிக்கச் சட்ட அறிஞர்களான சாமுவேல் வாரனும் லூயி பிராண்டைசும் 1890-இல் தனிவாழ்வுரிமைக்காக எழுதிய புகழ்பெற்ற கட்டுரை, வம்பைத் தொழிலாக்கிய அக்காலச் செய்தித்தாள்களையும் விரைந்து படமெடுக்கும் கருவிகளையும் எதிர்த்தே எழுந்தது. இன்றைய நிலையில் வீட்டின் கதவைத் தாயே திறந்துவிட்டார் என்பது உண்மை. ஆனால் தாய் கொடுத்த இசைவு பிள்ளை கொடுத்த இசைவாகாது. அவர் திறந்த கதவு பிறர் நுழைவதற்கான உரிமையையும் தராது.

மூன்றாங்குறை, அறிவுத்துறையில் இயங்கும் பெண்ணின் கருத்தை அவருடைய இல்லறத்தைக் கொண்டு அளப்பது. ‘பெண்ணுரிமைகளின் நியாயம்’ என்னும் நூலை 1792-இல் எழுதிய மேரி வுல்ஸ்டன்கிராஃப்ட் 1797-இல் இறந்தபின், கணவர் வில்லியம் காட்வின் மனைவியைச் சிறப்பிக்கும் நோக்கத்தோடு அடுத்த ஆண்டே அவருடைய வாழ்க்கையை வெளியிட்டார். அதில் வெளிப்பட்ட காதலுறவும், திருமணத்துக்கு வெளியே பிறந்த மகளும், தற்கொலை முயற்சிகளும் எதிராளருக்கு ஆயுதமாயின. பெண்கல்வி பற்றிய அவருடைய வாதம் நெடுங்காலம் மதிப்பிழந்து கிடந்தது. நான்கு வயதும் நிரம்பாத மகளின் பிறப்பு ஊரறிந்த பேச்சாயிற்று. வாதம் பிழையென்று நிறுவப்படவில்லை. வாதிட்டவரின் வாழ்வு அலசப்பட்டதால் வாதம் படிக்கப்படாமலே போயிற்று. இன்று நூற்பட்டியல் தரும் பெண்ணை அந்தச் சிந்தனையாளரோடு ஒப்பிட வேண்டியதில்லை. ஆனால் பெண்ணின் வாசிப்பை அவருடைய தாய்மையைக் கொண்டும் சமையலறையின் தூய்மையைக் கொண்டும் மதிப்பிடும் முறை அன்றிருந்ததே. ஆண் செல்வாக்காளர் நல்ல தந்தையா என்ற கேள்வி இவ்வளவு விடாப்பிடியாகக் கேட்கப்படுவதில்லை.

இவற்றால் விளையும் இறுதிக்குறை, நூலே பேச்சிலிருந்து மறைந்துபோவது. ஒரு பட்டியலில் எத்தகைய நூல்கள் திரும்பத் திரும்ப வருகின்றன, எந்த மக்களின் வரலாறு விடுபடுகிறது, பழைய சிறுவர் இலக்கியத்தின் இனவெறி எவ்வாறு பூசி மெழுகப்படுகிறது என்பவை தீவிரமான கேள்விகள். அவற்றை எழுப்ப அந்நூல்களைப் படிக்க வேண்டும். வீட்டைப் பற்றிப் பேச எதையும் படிக்க வேண்டியதில்லை. ஆகவே பேச்சு எளிய வழியை நாடுகிறது. புகழ்ச்சிக்கும் இகழ்ச்சிக்கும் வேறுபாடு காணாமல் கவனத்தையே எண்ணும் தளங்களில், இத்தகைய இகழ்ச்சி அப்பெண்ணின் செல்வாக்கையே பெருக்கவும் கூடும்.

மதிப்பிடும் அளவுகோல்

திருவள்ளுவர் புறங்கூறாமைக்குத் தனி அதிகாரம் வகுத்தார். அவரே தவறும்போது இடித்துரைக்கும் துணையைப் பெரும்பேறாகப் போற்றினார். குறை சொல்வதே குற்றம் என்பது அவ்வறத்தின் கருத்தன்று. யாரை நோக்கி, எதற்காகச் சொல்லப்படுகிறது என்பதே வேறுபாடு. இவ்வேறுபாட்டைக் கொண்டு விமரிசன வம்பை மூன்று வகையில் சோதிக்கலாம். பேசப்படும் செய்தி, செல்வாக்காளர் பொதுமக்களிடம் கேட்ட நம்பிக்கையோடும் பணத்தோடும் தொடர்புடையதா என்பது முதற்சோதனை. அதனை எவரும் சரிபார்க்கவும், அவர் விடையளிக்கவும் திருத்திக்கொள்ளவும் இயலுமா என்பது இரண்டாவது. அப்பேச்சால் பாதிக்கப்படுபவர், பொதுப்பார்வைக்கு வந்த அவ்வாழ்வைத் தாமே தேர்ந்துகொண்டவரா என்பது மூன்றாவது. மறைக்கப்பட்ட தரகும், படிக்காத நூலுக்குத் தந்த புகழுரையும், பிள்ளையின் உழைப்பில் வந்த வருவாயும் இச்சோதனைகளைக் கடந்து நிற்கும். மணவாழ்வைப் பற்றிய ஊகமும், உடலைப் பற்றிய ஏளனமும், பிள்ளையின் அறிவைப் பற்றிய தீர்ப்பும் நிற்கமாட்டா. பிள்ளைக்குத் தீங்கு நேர்கிறது என்ற உண்மையான அச்சம் எழுந்தால், அது சேர வேண்டிய இடம் குழந்தைகள் நலத்துறையே.

விமரிசன வம்பு ஒழிய வேண்டும் என்பது இவ்வாய்வின் முடிவன்று. விளம்பரமும் மதிப்புரையும் ஒரே குரலில் பேசும் காலத்தில், கேள்வி கேட்கும் வாசகர் கூட்டம் இல்லாமற்போவது நூல்களுக்கே கேடு. ஆனால் அக்கூட்டம் தான் காக்க விரும்பும் பிள்ளைகளைத் தன் பேச்சிலிருந்து விடுவித்தாக வேண்டும். செல்வாக்காளர் நீட்டும் நூலைக் கையில் வாங்கி, படித்து, அது அத்தகைய புகழுக்கு உரியதா என்று அவர் முகத்துக்கு நேராகக் கேட்டாக வேண்டும். நம்பிக்கையை வணிகமாக்கியவரிடம் கேட்கத்தக்க கடினமான கேள்வி அதுவே; நல்ல வாசகர் ஒருவர் கேட்கக்கூடிய கேள்வியும் அதுவே.