அசைவும் அசைவின்மையும்: ஜப்பானிய அனிமேயும் பிறநாட்டு அசைவூட்டப் படங்களும் – ஓர் ஒப்பாய்வு

முன்னுரை

ஓவியத்திற்கு அசைவூட்டிக் கதை கூறும் கலை, தமிழாய்வுலகின் கவனத்தை இதுவரை போதிய அளவு பெறவில்லை. குழந்தைகளுக்கான பொழுதுபோக்கு என்னும் எண்ணமே இதற்குக் காரணமாகலாம். ஆயின், ‘அனிமே’ எனப்படும் ஜப்பானிய அசைவூட்டப் படங்கள் தமிழ் ஒலிமாற்றத்துடன் தொலைக்காட்சி வழியும் இணையவழியும் தமிழரின் இல்லங்களை அடைந்துள்ளன. 2025 செப்டம்பரில் ‘டீமன் ஸ்லேயர்: இன்ஃபினிட்டி காசில்’ தமிழ் ஒலிமாற்றத்துடன் இந்தியத் திரையரங்குகளிலும் வெளியாயிற்று. தமிழகத்திற்கு வெளியே இதன் தாக்கம் வேறொரு தன்மையுடையது. பெங்களூரின் பீன்யா போன்ற தொழிற்பேட்டைப் பகுதிகளில் வாழும் தமிழ்க் குடும்பத்துக் குழந்தை, பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும் பயில்கிறது. வீட்டுப் பேச்சைக் கடந்து, கதை கூறும் தமிழை அக்குழந்தை கேட்கும் வாயில்கள் மிகச் சிலவே. ஒலிமாற்றப்பட்ட அசைவூட்டப் படம் அவற்றுள் ஒன்று. எனவே இப்படங்களின் ஆக்கமுறையை ஆராய்வது தமிழாய்வின் எல்லைக்கு உட்பட்ட பணியேயாகும்.

ஜப்பானிய அனிமே பிறநாட்டு அசைவூட்டப் படங்களிலிருந்து எவ்வகையில் வேறுபடுகிறது என்பதையும், அவ்வேறுபாட்டின் ஒளியில் இந்திய, தமிழ் அசைவூட்டத்தின் நிலை யாது என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

அசைவின் அளவு: ஒரு பொதுக்கருத்து

‘அமெரிக்கப் படம் மிகுதியாக அசைவது, ஜப்பானியப் படம் குறைவாக அசைவது’ என்பது பரவலாக வழங்கும் கருத்து. இதற்குத் தொழில்நுட்ப அடிப்படை உண்டு. திரைப்படத்தில் ஒரு வினாடிக்கு 24 சட்டகங்கள் ஓடுகின்றன. முழு அசைவூட்டத்தில் அவற்றிற்கு 12 முதல் 24 ஓவியங்கள் வரையப்படும். வரையறுத்த அசைவூட்டத்தில் 8 ஓவியங்களோ அதனினும் குறைவாகவோ அமையும். ஒசாமு டெசூகா 1963 சனவரி 1 அன்று தொலைக்காட்சியில் தொடங்கிய ‘அஸ்ட்ரோ பாய்’ தொடர், வாரந்தோறும் குறைந்த செலவில் ஒரு பகுதியை முடித்தாக வேண்டிய நெருக்கடியில் இரண்டாம் முறையையே கைக்கொண்டது. ஒருமுறை வரைந்த ஓவியங்களைச் சேமித்து மீண்டும் பயன்படுத்துதல், உடலை நிறுத்தி வாயை மட்டும் அசைத்தல், நிலைத்த ஓவியத்தின்மீது ஒளிப்படக் கருவியை நகர்த்துதல் ஆகியன அத்தொடரின் உத்திகளாயின.

எனினும் இவ்வுத்திகள் ஜப்பானுக்கே உரியனவல்ல. அமெரிக்காவின் யு.பி.ஏ. நிறுவனம் 1950-இல் வெளியிட்ட ‘ஜெரால்டு மெக்போயிங்-போயிங்’ குறைந்த அசைவையே அழகியலாகக் கொண்டது. ஹன்னா-பார்பெரா நிறுவனம் 1957 முதல் தொலைக்காட்சிக்கென இம்முறையைக் கையாண்டது. யுகோஸ்லாவியாவின் சாக்ரெப் நகரக் கலைஞர் துஷான் வுகோடிச் உருவாக்கிய ‘சுரோகாட்’ (1961), எளிய வடிவங்களாலேயே ஆஸ்கர் விருதை வென்றது. மறுபுறம், ஜப்பானின் ‘அகிரா’ (1988) மிகப் பெருந்தொகையான ஓவியங்களைக் கொண்டு அமைந்தது. அசைவுக்குப் பெயர்பெற்ற டிஸ்னியின் ‘ஸ்நோ வைட்’ (1937) படத்திலும், நெஞ்சை மிகவும் உருக்கும் காட்சி எது எனின், இறந்தவளைச் சூழ்ந்து குள்ளர்கள் அசைவொடுங்கி அழும் காட்சியே எனலாம். ஆகவே அசைவின் அளவைக் கொண்டு நாடுகளைப் பிரிப்பது பொருந்தாது.

அசைவு ஒடுங்குமிடத்து உணர்ச்சியைச் சுமப்பது எது என்பதே நாம் எழுப்ப வேண்டிய வினாவாகும்.

உடல் சுமப்பதும் இடம் சுமப்பதும்

டிஸ்னி மரபில் அச்சுமையை உடல் ஏற்கிறது. பிராங்க் தாமசும் ஆலி ஜான்ஸ்டனும் 1981-இல் வெளியிட்ட நூலில் தொகுத்துரைக்கும் 12 நெறிகளும் பெரும்பாலும் உடலசைவு பற்றியனவே. எடை, தயக்கம், முன்னேற்பாடு, மிகைப்படுத்தல் முதலியவற்றால் உள்ளத்து நிகழ்வு உடல்வழி புலனாகிறது. தமிழிலக்கணம் மெய்ப்பாடு எனக் கூறுவதோடு இது நெருங்கி நிற்பதாகும். நகை, அழுகை, இளிவரல் எனத் தொடங்கித் தொல்காப்பியம் வகுக்கும் எட்டும், உள்ளத்துணர்வு பிறர் அறியுமாறு மெய்யில் தோன்றுவனவே. இளம்பூரணர் செயிற்றியத்தை மேற்கோளாகக் காட்டி மெய்ப்பாட்டைக் கூத்தோடு இயைத்து விளக்குவதும் இங்கு எண்ணத்தக்கது.

சிறந்த அனிமே படங்களில் அச்சுமை இடத்திற்கும் பொழுதிற்கும் மாற்றப்படுகிறது. ஹயாவோ மியாசாகியின் ‘மை நெய்பர் டோட்டோரோ’ (1988) படத்தில் வரும் பேருந்து நிறுத்தக் காட்சி இதற்குத் தக்க சான்று. காட்டோரப் பாதையில் மழை பொழிகிறது. இருள் கவிகிறது. தந்தை வரும் பேருந்திற்காகச் சிறுமியர் இருவர் காத்திருக்கின்றனர். இளையவள் தமக்கையின் முதுகில் உறங்கிப்போகிறாள். மழைத்துளியும் விளக்கொளியும் நனைந்த மண்ணுமே திரையை நிரப்புகின்றன. தாய் மருத்துவமனையில் இருப்பதால் உண்டான அச்சத்தைப் பற்றி அங்கு ஒருவரும் பேசவில்லை. எனினும் காண்போர் அதனை உணர்கின்றனர். அதே இயக்குநரின் ‘ஸ்பிரிட்டட் அவே’ (2001) படத்தில், நீர்ப்பரப்பின்மீது செல்லும் தொடர்வண்டிக் காட்சியும் இத்தகையதே. செயலுக்கும் செயலுக்கும் இடைப்பட்ட வெறுமையை ஜப்பானியர் ‘மா’ என்பர். இரு கைத்தட்டல்களுக்கு இடையிலான நேரத்தைக் காட்டி மியாசாகி இதனை 2002-இல் விளக்கியுள்ளார்.

செலவுச் சுருக்கத்திற்காகத் தோன்றிய அசைவின்மை, கால் நூற்றாண்டுக்குள் பொருளுணர்த்தும் உத்தியாக வளர்ந்தமை குறிப்பிடத்தக்கது.

முல்லையும் ஒப்பீட்டின் எல்லையும்

மேற்கண்ட காட்சியில் காடு, மழைக்காலம், மாலை, ஆற்றியிருத்தல் ஆகியன ஒருங்கே அமைகின்றன. முல்லைத்திணையின் முதற்பொருளும் உரிப்பொருளும் தமிழறிஞர் எவர்க்கும் உடனே நினைவிற்கு வரும். நிலமும் பொழுதும் பின்னணியாக மட்டும் நில்லாமல் உணர்ச்சியைத் தாமே ஏந்தி நிற்கும் என்னும் தமிழ்க் கவிதையியலின் அடிப்படை, அனிமேயின் இயல்பை விளக்கப் பெரிதும் உதவுகிறது. மேலைத் திறனாய்வு ‘பின்னணி ஓவியம்’ என ஒதுக்கும் ஒன்றை ‘முதற்பொருள்’ எனக் கொள்ளுங்கால், அதற்குரிய இடம் அதற்குக் கிடைத்துவிடுகிறது.

இவ்விடத்தில் ஒரு தடையையும் எழுப்பிக்கொள்ள வேண்டும். அகத்திணை முல்லை தலைவன் தலைவியர்க்கு உரியது. இங்குக் காத்திருப்போர் குழந்தைகள். மேலும், பருவத்தைச் சுட்டும் சொல்லைக் கவிதைக்கு இன்றியமையாததாகக் கொள்ளும் ஐக்கூ மரபு ஜப்பானியர்க்கே உண்டு. மியாசாகியின் மழையை விளக்க அதுவே அணுக்கமான வாயில். ஒப்புமை கண்டவுடன் உறவு காண முற்படுவது நம் ஆய்வுலகில் வேரூன்றிய பழக்கமாகும். தமிழுக்கும் ஜப்பானிய மொழிக்கும் உறவுண்டு எனச் சுசுமு ஓனோ (1919–2008) முன்வைத்த கருத்தைத் தமிழுலகம் மகிழ்ந்து வரவேற்றது. மொழியியலாளருட் பெரும்பாலோர் அதனை ஏற்கவில்லை. ஜப்பானியரிடையேயும் இத்தகைய போக்கு உண்டு. இயக்குநர் இசாவோ தகஹாதா 1999-இல் வெளியிட்ட நூலில் 12-ஆம் நூற்றாண்டு ஓவியச் சுருள்களில் அசைவூட்டத்தின் முன்வடிவைக் கண்டார். சுருளின் அழகை அந்நூல் நன்கு உணர்த்துகிறது. ஆயினும் 1963-இன் செலவு நெருக்கடியை அதனால் விளக்கிவிட இயலாது.

திணைக்கோட்பாடு நமக்குக் காணும் கண்ணைத் தரும். தோற்றத்திற்கான சான்றாக அதனைக் கொள்ளுதல் ஆகாது. இவ்வெல்லையை உணர்ந்து மேற்கொள்ளும் ஒப்பீடே பயன்தரும்.

இரு மரபுகள் கூடிய இராமாயணம்

இவ்விரு மரபுகளும் இந்தியக் கதையொன்றில் கூடியமைக்குச் சான்று, 1992-இல் உருவான ‘ராமாயணா: தி லெஜண்ட் ஆஃப் பிரின்ஸ் ராமா’ ஆகும். 1983-இல் ஆவணப்படப் பணிக்காக இந்தியா வந்த யூகோ சாகோ இராமகாதையில் ஈடுபாடு கொண்டு இம்முயற்சியைத் தொடங்கினார். இறைவனைக் கேலிச்சித்திரமாக்குவதா என்னும் எதிர்ப்பு எழுந்தமையால், படப்பணி பெரும்பாலும் ஜப்பானிலேயே நிகழ்ந்தது. கோயிச்சி சசாகி, ராம் மோகன் ஆகியோர் சாகோவுடன் இணைந்து இயக்கினர். உடை, வணக்கமுறை முதலிய பண்பாட்டுக் கூறுகளில் இந்தியக் கலைஞரின் வழிகாட்டல் பெறப்பட்டது. மூலப்படத்தின் உரையாடல் ஆங்கிலம், பாடல்கள் வடமொழி, இசை வன்ராஜ் பாட்டியா. இந்தியாவில் தொலைக்காட்சி வழியே பெரிதும் அறியப்பட்டிருந்த இப்படம், 2025 சனவரி 24 அன்று தமிழ் உள்ளிட்ட மொழிகளில் திரையரங்குகளுக்கு வந்தது.

ராம் மோகன் (1931–2019) திரைப்படப் பிரிவின் கேலிச்சித்திர அலகில் 1956-இல் சேர்ந்தவர். அவ்வலகினர்க்குப் பயிற்சியளித்தவர் டிஸ்னி நிறுவனத்தில் பணியாற்றிய கிளேர் வீக்ஸ். அப்பயிற்சியில் விளைந்ததே சாதகக் கதையைத் தழுவிய ‘தி பேன்யன் டியர்’ (1957). எனவே இராமாயணப் படத்தில், டிஸ்னி வழிவந்த உடல்நெறியும் ஜப்பானிய இடநெறியும் சந்திக்கின்றன எனலாம். காடும் மலையும் ஆறும் விரியும் நுண்ணிய ஓவியங்களில் இடநெறி ஓங்குகிறது. பாத்திரங்கள் வணங்கும்போதும் வாழ்த்துப் பெறும்போதும் இந்திய உடல்மொழி துலங்குகிறது. எனினும் கதையின் முழுமையை ஏறத்தாழ இரண்டேகால் மணி நேரத்தில் கூறிவிட வேண்டிய விரைவினால், இடம் பேசுவதற்கு முன்னரே நிகழ்ச்சி நகர்ந்துவிடுகிறது. அவ்விடங்களில் உணர்ச்சியைத் தாங்குவன வடமொழிப் பாடல்களே. இந்தியப் பார்வையாளன் நெஞ்சில் நிற்பதும் அக்குரலே. இதனால், உடலும் இடமும் அன்றிக் குரல் என்னும் மூன்றாவது ஒன்றும் சுமைதாங்கியாதல் புலனாகிறது.

குரல் மரபு: தோற்பாவைக்கூத்து

குரலை நம்பிப் படத்தை நிறுத்தும் முறை இந்தியாவிற்குப் புதிதன்று. கேரளத்தின் பாலக்காட்டுப் பகுதியில் பத்திரகாளி கோயில்களின் கூத்துமாடங்களில் நிகழும் தோற்பாவைக்கூத்து இதற்குச் சிறந்த சான்று. மலையாள நாட்டில் நிகழினும் அதன் பாட்டு கம்பனுடைய தமிழே. விளக்கு வரிசையின் ஒளியில் திரைமீது நிழல்கள் தோன்றுகின்றன. பாவைகளுட் பலவற்றிற்கு அசைவன ஒரு கை மட்டுமே. நெடுநேரம் பாவை அசையாது நிற்க, கலைஞர் கம்பன் செய்யுளைப் பாடி, அதற்கு உரை விரித்து, வினாவும் விடையுமாக வாதிட்டு இரவைக் கழிக்கின்றனர். கூத்து 7, 14, 21 இரவுகள் என நீள்வதுண்டு. தமிழகத் தோற்பாவை நிழற்கூத்தை மு. இராமசாமி, அ.கா. பெருமாள் முதலியோர் ஆராய்ந்துள்ளனர். அவ்வாய்வுகளை அசைவூட்டக் கலையோடு இணைத்து நோக்கும் பணி எஞ்சியுள்ளது.

இங்கு அசைவின்மையை நிரப்புவது கவிதை. நிழல் நிற்பதனாலேயே செய்யுள் செவியிற் புகுகிறது.

இன்றைய இந்தியத் தொலைக்காட்சி அசைவூட்டமும் குரலையே சார்ந்துள்ளது. 2008-இல் தொடங்கிய ‘சோட்டா பீம்’ முதலிய தொடர்களில் கதைநிகழ்வையும் உணர்ச்சியையும் பாத்திரங்கள் வாயால் சொல்லிவிடுகின்றன. குரலைச் சார்தல் குறையாகாது. அக்குரலில் சொல்வளம் இல்லாமையே குறை. கூத்தின் அசைவின்மை இங்குத் தொடர்கிறது, அதனைத் தாங்கிய கவிதையோ கைவிடப்பட்டுள்ளது. நடிகர்தம் உடலசைவைக் கணினியில் பதிந்து ஆக்கப்பெற்ற ‘கோச்சடையான்’ (2014) மற்றொரு வழியை நாடியது. உடலைப் பதிவுசெய்வதால் மட்டும் மெய்ப்பாடு தோன்றிவிடாது என்பதை அதன் முகங்களின் இறுக்கம் உணர்த்தியது.

ஒலிமாற்றமும் மௌனமும்

இவ்வேறுபாடு ஒலிமாற்றத்தில் நடைமுறைச் சிக்கலாகிறது. மியாசாகியின் ‘கிகிஸ் டெலிவரி சர்வீஸ்’ (1989) படத்தின் 1998 ஆங்கில வடிவில், மூலத்தில் மௌனமாக இருந்த இடங்களில் பூனைப் பாத்திரத்திற்குப் புதிய உரையாடல் சேர்க்கப்பட்டது. ‘காசில் இன் தி ஸ்கை’ (1986) படத்தின் ஆங்கில வடிவத்திற்காக இசையும் விரிவுபடுத்தப்பட்டது. உடலையும் ஒலியையும் நம்பும் மரபு, இடத்தை நம்பும் மரபின் மௌனத்தை வெற்றிடமாகக் கருதி நிரப்பியமைக்கு இவை சான்றுகள்.

தமிழ் ஒலிமாற்றத்திற்கும் இந்த இடர் உண்டு. குரல் மரபினராகிய நமக்கு அது மிகுதியும் உண்டு. மொழிபெயர்ப்பாளர் சொல்லைப் பெயர்ப்பதோடு, எங்குப் பேசாதிருத்தல் வேண்டும் என்பதையும் பெயர்த்தல் வேண்டும். பேசுமிடத்துத் தமிழ் செறிவுடையதாக அமைதல் வேண்டும். தமிழைக் கதைமொழியாகக் கேட்க வேறு வாயில் குறைந்த குழந்தைக்கு இவ்விரண்டும் மொழிக்கல்வியாகவே அமைகின்றன.

முடிவுரை

அனிமேயையும் பிறநாட்டு அசைவூட்டத்தையும் பிரிப்பது அசைவின் மிகுதியோ குறைவோ அன்று. அசைவு ஒடுங்குமிடத்து டிஸ்னி மரபு உடலையும், ஜப்பானிய மரபின் சிறந்த படங்கள் இடத்தையும் பொழுதையும், இந்திய மரபு குரலையும் சார்ந்து நிற்கின்றன. இவற்றுள் ஒன்று உயர்ந்தது, ஏனையவை தாழ்ந்தவை எனல் பொருந்தாது. ஒவ்வொன்றும் தான் சார்ந்ததை எவ்வளவு வளப்படுத்திற்று என்பதே மதிப்பீட்டின் அளவுகோலாதல் வேண்டும். அவ்வளவுகோலின்படி, தமிழ் அசைவூட்டத்தின் குறை ஜப்பானியரைப் போல் வரையாமை அன்று. பாவை நிற்கக் கம்பன் பேசிய கூத்தின் வளத்தை மறந்தமையே. தமிழ் அசைவூட்டக் கலைஞன் தோக்கியோவை நோக்குதல் தகும். அதற்குமுன் பாலக்காட்டுக் கூத்துமாடத்தின் எதிரே ஓரிரவு அமர்ந்து கேட்டல் வேண்டும். தமிழ்த்துறைகள் நிழற்கூத்தையும் அசைவூட்டத்தையும் ஒரே பாடத்தில் வைத்துக் கற்பிக்க முன்வருமாயின், அத்தகைய கலைஞரும் ஒலிமாற்ற மொழிபெயர்ப்பாளரும் உருவாக வழி பிறக்கும்.