கேள்வியோடு வருகிற வாசகர்கள்

டிசம்பர் பிறந்தால் எனக்குக் கோவை நினைப்புதான். விஷ்ணுபுரம் இலக்கிய வட்டத்தின் விருது விழாவுக்கு ஒருமுறை போய் வந்த எல்லோருக்கும் இப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். இரண்டு நாள், விடிந்ததிலிருந்து தூங்கும்வரை இலக்கியம், இலக்கியம், இலக்கியம்! தமிழ்நாட்டில் இப்படியொரு கொண்டாட்டம் நடக்கிறது என்பதை இன்னும் அறியாதவர்களைப் பார்த்தால் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகத் தோன்றுகிறது.

'விஷ்ணுபுரம்' 1997இல் வெளிவந்த ஜெயமோகனின் நாவல். அந்தப் பெயரைச் சூடிக்கொண்டு அவருடைய நண்பர்களும் வாசகர்களும் அமைத்த வட்டம், 2010இலிருந்து தமிழின் மூத்த படைப்பாளிகளுக்கு விருது வழங்கி வருகிறது. முதல் விருது ஆ. மாதவனுக்கு. திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் கடை வைத்திருந்து, அந்தத் தெருவையே தமிழ்ச் சிறுகதைக்குள் கொண்டுவந்தவர் அவர். பிறகு பூமணி, தேவதேவன், ஞானக்கூத்தன், வண்ணதாசன், ராஜ் கௌதமன், அபி, விக்ரமாதித்யன் என்று வரிசை நீள்கிறது. 2013இல் இலங்கை மலையகத்தின் தெளிவத்தை ஜோசப், 2017இல் மலேசியாவின் சீ. முத்துசாமி. கடல் தாண்டிப் போய்த் தன் எழுத்தாளர்களைத் தேடி எடுக்கிற இந்தப் பட்டியலைப் படித்தாலே எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும்.

ஒரு மாலை நிகழ்ச்சியாகத் தொடங்கியது இரண்டு நாள் விழாவாக வளர்ந்திருக்கிறது. ஆர்.எஸ்.புரம் ராஜஸ்தானி சங் அரங்குக்குள் நுழைந்தால் கல்யாண வீட்டுக் களை. வெளியூரிலிருந்து வருகிற வாசகர்களுக்குத் தங்க இடமும் சாப்பாடும் ஏற்பாடு செய்துவிடுகிறார்கள். நுழைவுக் கட்டணம் கிடையாது. செலவெல்லாம் வாசகர்களும் நண்பர்களும் மனமுவந்து தருகிற நன்கொடைதான். பந்தியில் எனக்கு எதிரே உட்கார்ந்து சாம்பாருக்குக் கை நீட்டியவர், நான் கல்லூரி நாளிலிருந்து படித்துவருகிற கவிஞர்! தயங்கித் தயங்கிப் பேச்சுக் கொடுத்தேன். இலையை மடித்த பிறகும் எங்கள் பேச்சு முடியவில்லை.

அரங்குக்குள் நடப்பதுதான் உண்மையான அதிசயம். எழுத்தாளர் உரையாற்றுவதில்லை. மேடையில் வந்து அமர்கிறார், ஒருவர் அவரைச் சில சொற்களில் அறிமுகம் செய்கிறார், அவ்வளவுதான். அடுத்த நொடியிலிருந்து அரங்கம் வாசகர்களுடையது. கேள்விமேல் கேள்வி. பொன்னாடை இல்லை, நீட்டி முழக்கும் வரவேற்புரை இல்லை. ஒரு கதையின் முடிவு ஏன் அப்படி அமைந்தது, ஒரு பாத்திரம் ஏன் பாதியில் காணாமல் போனது என்று நுணுக்கி நுணுக்கிக் கேட்கிறார்கள். எழுதியவரே ஒரு கணம் யோசித்து, கண் மலர்ந்து பதில் சொல்வதைப் பார்க்க வேண்டுமே!

இந்தத் தரம் தானாக வரவில்லை. வாசகர்கள் படித்துவிட்டு வருகிறார்கள். விருது அறிவிக்கப்பட்டதும் அந்தப் படைப்பாளியின் நூல்களைத் தேடி வாங்கி வாசிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். ஜெயமோகனின் இணையதளத்தில் விருது பெறுபவரைப் பற்றிய கட்டுரைகளும் வாசகர் கடிதங்களும் வரிசையாக வருகின்றன. அபிக்கு விருது அறிவித்த 2019இல் நானும் அப்படித்தான் அவர் கவிதைகளோடு உட்கார்ந்தேன். அருவமான கவிதைகள், அவசரக்காரருக்குத் திறக்காதவை. பலரும் எழுதியதைப் படித்துப் படித்து, ஒவ்வொரு கதவாகத் திறந்தது. விழாவுக்குப் போய்ச் சேர்ந்தபோது அவர் எனக்கு அந்நியராக இல்லை. அத்தனை பேர் ஒரே கவிஞரைப் படித்துவிட்டு ஒரே கூரையின் கீழ் அமர்ந்திருந்த அந்த அரங்கின் கவனத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை.

இளைஞர்களைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். ஓரிரு நூல்கள் மட்டுமே வெளியிட்டிருக்கும் இளம் எழுத்தாளரும், ஐம்பது ஆண்டுகளாக எழுதிவரும் மூத்தவரும் இங்கே ஒரே மேடையில் அமர்கிறார்கள். சின்னப் பையன்தானே என்று யாரும் சலுகை காட்டுவதில்லை. அவனுடைய கதையையும் வரிவரியாகப் படித்துவிட்டுத்தான் கேட்கிறார்கள். வளர்கிற எழுத்தாளனுக்கு இதைவிடப் பெரிய மரியாதை என்ன இருக்க முடியும்? 2016இல் மறைந்த கவிஞர் குமரகுருபரனின் நினைவாக, அடுத்த தலைமுறைக் கவிஞர்களுக்கென்றே 2017 முதல் தனி விருதும் தருகிறார்கள். அதை முதலில் பெற்றவர் சபரிநாதன். மதாரின் 'வெயில் பறந்தது' தொகுப்பை நான் தேடிப் படித்தது அவருக்கு இந்த விருது கிடைத்ததால்தான். இப்போது அந்தச் சின்னப் புத்தகத்தை யாருக்கும் இரவல் தர மனம் வருவதில்லை.

இலக்கிய வினாடி வினா நடந்தால் அரங்கமே பள்ளிக்கூடமாகிவிடும். விடை தெரிந்த கைகள் துள்ளி எழும், பரிசு புத்தகம்! பிறமொழிப் படைப்பாளிகளும் வருகிறார்கள். கன்னடத்தின் எச்.எஸ். சிவப்பிரகாஷ், மலையாளத்தின் கே.ஜி. சங்கரப் பிள்ளை, வங்கத்தின் அனிதா அக்னிஹோத்ரி, அருணாசலப் பிரதேசத்தின் மமாங் தாய் ஆகியோரெல்லாம் இந்த விழாவுக்கு வந்தவர்கள். இரவில் தங்குமிடத்தில் பேச்சு தொடரும். பாயில் சாய்ந்தபடி நாவல்களைப் பற்றி வாதாடுகிற அந்த நள்ளிரவுகளுக்காகவே இன்னொரு முறை போகலாம்.

இரண்டாம் நாள் மாலை விருதளிப்பு. விருது பெறுபவரைப் பற்றிய ஆவணப்படம் திரையில் ஓடும். அபிக்கு 'அந்தர நடை', விக்ரமாதித்யனுக்கு 'வீடும் வீதிகளும்'. தன் வாழ்க்கை திரையில் விரிவதை அந்த மூத்த மனிதர் பார்த்துக்கொண்டிருப்பார். விருதைக் கையில் வாங்கும்போது அரங்கமே எழுந்து கைதட்டும். பல பத்தாண்டுகள் சில நூறு பேருக்காக எழுதியவருக்கு அவருடைய வாசகர்கள் திரண்டு வந்து செலுத்தும் நன்றி அது. கண் கலங்காமல் நான் அந்த அரங்கை விட்டு வெளியே வந்ததே இல்லை.

ஆகவே இந்த ஆண்டு விருது யாருக்கு என்று தெரிந்ததும் அவருடைய புத்தகம் ஒன்றையாவது வாங்குங்கள். நிதானமாகப் படியுங்கள். புரியாத இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டு வைத்துக்கொள்ளுங்கள். பிறகு கோவைக்கு ரயில் ஏறுங்கள். அந்தக் கோட்டை எழுதியவரிடமே காட்டிக் கேட்கலாம். அவரும் பதில் சொல்வார்!